குடல்வாய்ப் பை வடிகட்டி

குடல்வாய்ப் பை வடிகட்டி என்பது, அறுவை மருத்துவத்தின் மூலம் வயிற்றுச் சுவரில் அமைக்கப்பட்ட குடல்வாயின் மீது அணியப்படும் பையில் சேரும் வாயுவை, அதன் நாற்றத்தை நீக்கி வெளியேற்றும் சிறிய அமைப்பாகும். இது பெரும்பாலும் பையின் மேற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். செயலூட்டிய கரியும், நீரை விலக்கும் நுண்துளைச் சவ்வும் இதன் முதன்மையான உறுப்புகள். மருத்துவமனைகளில் கொலோஸ்டமி பை, ஆஸ்டமி பை என்றெல்லாம் வழங்கும் இப்பைகளுள் மலம் சேர்வதற்கான வகைகள் பல இன்று வடிகட்டியுடனேயே விற்பனைக்கு வருகின்றன.

வடிகட்டி செய்ய வேண்டிய பணிகள் மூன்று: வாயுவை வெளியே விடுதல், நாற்றத்தை உள்ளேயே பிடித்து வைத்தல், நீர்மத்தைக் கசிய விடாதிருத்தல். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஓரளவு முரணானவை. அதனால் எந்த வடிகட்டியும் எல்லா நேரங்களிலும், எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. உலர்ந்திருக்கும் வடிகட்டி நன்கு செயற்படுகிறது. நனைந்த அல்லது அடைபட்ட வடிகட்டி இல்லாததற்குச் சமம். எனவே அன்றாட வாழ்வில் ஒரு வடிகட்டியின் பயன், அதிலுள்ள கரியின் அளவைப் போலவே அது எவ்வளவு நேரம் நனையாமல் இருக்கிறது என்பதையும் பொறுத்துள்ளது.

பின்னணி

பெருங்குடற் புற்றுநோய், குடல் அழற்சி நோய்கள், குடல் அடைப்பு, விபத்துக் காயங்கள், பிறவிக் குறைபாடுகள் முதலியவற்றிற்கான அறுவை மருத்துவத்தில் குடலின் ஒரு பகுதியை நீக்கவோ அதற்கு ஓய்வு கொடுக்கவோ நேரிடலாம். அப்போது குடலின் முனை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவரப்பட்டுத் தோலுடன் தைக்கப்படுகிறது. இத்திறப்பே குடல்வாய் அல்லது ஸ்டோமா எனப்படும். பெருங்குடலிலிருந்து அமைக்கப்படுவது பெருங்குடல்வாய் (கொலோஸ்டமி) என்றும், சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து அமைக்கப்படுவது சிறுகுடல்வாய் (இலியோஸ்டமி) என்றும் அழைக்கப்படுகின்றன. சில குடல்வாய்கள் தற்காலிகமானவை. சில வாழ்நாள் முழுவதும் நீடிப்பவை.

இயல்பான மலவாயில் உள்ள சுருக்குத்தசைகள் மலத்தையும் வாயுவையும் வேறுபடுத்தி உணர்ந்து, தக்க நேரம் வரை அடக்கி வைக்க உதவுகின்றன. குடல்வாயில் இத்தகைய தசை இல்லை. ஆகவே மலமும் வாயுவும் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் வெளியேறுகின்றன. மலத்தைப் பை தாங்கிக்கொள்ளும். வாயுவுக்கு ஒரு வழி இல்லையெனில் பை உப்பி, ஆடைக்கு வெளியே புடைத்துத் தெரியும்; ஒட்டுப்பட்டையின் பிடி தளர்ந்து கசிவும் ஏற்படலாம்.

சிறுநீர் வெளியேறுவதற்காக அமைக்கப்படும் திறப்புக்கான பைகளில் வாயுச் சிக்கல் இல்லாமையால் அவற்றில் வடிகட்டி வைக்கப்படுவதில்லை. அவற்றின் அடியில் சிறுநீரை வடிக்கும் குழாய்வாயும், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பாமல் தடுக்கும் தடுப்பும் அமைந்திருக்கும்.

குடல் வாயுவும் நாற்றமும்

குடல் வாயுவின் மிகப்பெரும் பகுதி நைட்ரசன், ஆக்சிசன், கரியமில வாயு, ஐதரசன், மெத்தேன் ஆகிய ஐந்து வாயுக்களால் ஆனது. இவை ஐந்துமே மணமற்றவை. இவற்றுள் ஒரு பகுதி விழுங்கப்பட்ட காற்று. மற்றொரு பகுதி பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் செரிக்கப்படாத மாப்பொருளையும் நார்ப்பொருளையும் நொதிக்கச் செய்வதால் உண்டாவது.

நாற்றத்திற்குக் காரணமானவை மிகச் சிறிய அளவில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள். அமெரிக்காவின் மினியாபொலிசு நகரில் மைக்கேல் லெவிட் குழுவினர் செய்து 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஐதரசன் சல்பைடு, மெத்தேன்தயோல், இருமெத்தில் சல்பைடு ஆகிய மூன்றையும் முதன்மையான நாற்ற வாயுக்களாகக் காட்டியது. மனித மூக்கு ஐதரசன் சல்பைடை நூறு கோடியில் சில பங்குகள் என்ற அளவிலேயே உணரக்கூடியது. ஆகவே வடிகட்டி, வாயுவின் பெரும்பகுதியைத் தடையின்றி வெளியே விட்டு, மிகச் சிறிய ஒரு பகுதியை மட்டும் ஏறத்தாழ முழுமையாகப் பிடித்து வைக்க வேண்டியுள்ளது. பாதியளவு நீக்கினால் மூக்குக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

வாயுவின் அளவு உணவைப் பொறுத்து மாறுபடும். இங்கிலாந்தின் செபீல்டு நகரில் பத்து நலமான தன்னார்வலர்களிடம் செய்யப்பட்டு 1991இல் வெளியான ஆய்வில், வழக்கமான உணவுடன் 200 கிராம் வேகவைத்த பீன்சு விதைகளையும் உண்டவர்கள் ஒரு நாளில் வெளியேற்றிய வாயுவின் நடுவளவு 705 மில்லிலீட்டராக இருந்தது. ஆளுக்கு ஆள் இது 476 முதல் 1,491 மில்லிலீட்டர் வரை வேறுபட்டது. நார்ப்பொருளற்ற உணவில் இந்த அளவு ஏறத்தாழ 200 மில்லிலீட்டராகக் குறைந்தது. குடல்வாய்ப் பைகளின் கொள்ளளவு பொதுவாகச் சில நூறு மில்லிலீட்டர் மட்டுமே. இவ்விரண்டையும் ஒப்பிட்டால், வாயுவை வெளியேற்றும் வழி இல்லாத பை ஒரே நாளில் ஏன் உப்பிவிடுகிறது என்பது விளங்கும்.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடல்வாய் உடையோர் துணிக்கட்டுகளையும், இடைவாரால் இறுக்கிக் கட்டப்பட்ட இரப்பர்ப் பைகளையும் பயன்படுத்தினர். இரப்பர் நாற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. கழுவினாலும் அது முழுமையாக நீங்குவதில்லை.

1954ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசு சோரன்சன் என்ற செவிலியர், குடல்வாய் அறுவைக்குப் பின் வெளியே செல்லவே அஞ்சிய தம் சகோதரிக்காக, தோலில் ஒட்டிக்கொள்ளும் நெகிழிப் பை ஒன்றைக் கற்பனை செய்தார். நெகிழிப் பொருள் உற்பத்தியாளரான ஆகே லூயி ஆன்சன் முதலில் தயங்கினாலும், செவிலியராகப் பயிற்சி பெற்றிருந்த அவருடைய மனைவி யோகன்னாவின் தூண்டுதலால் அதனைச் செய்து கொடுத்தார். இதன் தொடர்ச்சியாக 1957இல் கோலோபிளாசுட்டு என்ற நிறுவனம் உருவானது.

ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க இந்த மெல்லிய நெகிழிப் பை பழைய சிக்கலைத் தீர்த்தபோதிலும் புதிய சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்தது. மணம் புகாத படலம் வாயுவையும் வெளியே விடுவதில்லை. அதனால் பலர் ஊசியால் பையில் துளையிட்டு வாயுவை வெளியேற்றினர். அத்துளை வழியே நாற்றமும் வெளிவந்தது. துளையை வைத்துக்கொண்டே நாற்றத்தை மட்டும் தடுக்கும் முயற்சியே கரி வடிகட்டியாக வளர்ந்தது.

இதற்கான பொருள் புதியதன்று. முதல் உலகப் போரின்போது (1914–1918) நச்சுவாயு முகமூடிகளில் செயலூட்டிய கரி பயன்பட்டது. அப்போது அதன் சிறந்த மூலப்பொருள்களுள் ஒன்றாகத் தேங்காய்ச் சிரட்டை விளங்கியது. இன்றும் சிரட்டைக் கரி உலகச் சந்தையில் முக்கிய இடம் வகிக்கிறது. இலங்கையும் தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளும் இதனை உற்பத்தி செய்கின்றன.

அமைப்பும் செயற்பாடும்

செயலூட்டிய கரி

மரம், நிலக்கரி, சிரட்டை போன்றவற்றைக் காற்றில்லாமல் கரியாக்கி, பின்னர் உயர் வெப்பநிலையில் நீராவியால் அல்லது வேதிப்பொருள்களால் பதப்படுத்தும்போது அக்கரியில் எண்ணற்ற நுண்துளைகள் தோன்றுகின்றன. ஒரு கிராம் செயலூட்டிய கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டுவது இயல்பு. வாயு இத்துளைகளின் ஊடே செல்லும்போது நாற்ற மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இந்நிகழ்வு பரப்புக் கவர்தல் எனப்படும். பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்ற உட்கொள்ளல் இதுவன்று. பரப்பில் பற்றிக்கொள்ளல் மட்டுமே. ஐதரசன் சல்பைடை வலுவாகப் பிடிப்பதற்காகச் சில வகைக் கரிகளில் உலோக உப்புகளோ காரப் பொருள்களோ ஏற்றப்படுவதும் உண்டு.

கரியின் ஆற்றலை இரண்டு செய்திகள் வரையறுக்கின்றன. முதலாவது, பரப்பு முழுவதும் நிறைந்துவிட்டால் மேலும் மூலக்கூறுகள் ஒட்ட இடமிராது. இரண்டாவது, வாயு கரியுடன் தொட்டிருக்கும் நேரம். வாயு மிக விரைவாகக் கடந்து சென்றால் நாற்றம் முழுமையாகப் பிடிபடாது. இதனால் வடிகட்டியில் வாயு நீண்ட பாதையில் மெதுவாகச் செல்லுமாறு அமைப்பது வழக்கம்.

நீரை விலக்கும் சவ்வு

கரியின் துளைகளில் நீர் புகுந்தால் வாயு செல்ல வழி அடைபடும். எனவே கரிக்கும் பையின் உட்புறத்திற்கும் இடையில், வாயுவை விட்டு நீர்மத்தைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு வைக்கப்படுகிறது. நீர் ஒட்டாத நெகிழிகளிலிருந்து இத்தகைய சவ்வுகள் செய்யப்படுகின்றன. சமையல் பாத்திரங்களின் பூச்சாக அறியப்படும் டெஃப்லான் வகை நெகிழி இவற்றுள் ஒன்று. அதனை இழுத்து நுண்துளை உடையதாக்கும் முறையை 1969இல் அமெரிக்கரான இராபர்ட்டு கோர் கண்டறிந்தார்.

தாமரை இலையில் நீர் உருண்டு நிற்பது போலவே, இச்சவ்வின் நுண்துளைகளுக்குள் நீர் புகாமல் நிற்கிறது. இதற்குக் காரணம் நீரின் பரப்பு இழுவிசை. ஆனால் குடலிலிருந்து வருவது தூய நீரன்று. அதில் பித்த உப்புகளும், கொழுப்பும், கோழையும் கலந்துள்ளன. இவை சவர்க்காரத்தைப் போலப் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், தூய நீரைத் தடுத்து நிறுத்தும் சவ்வு குடல் நீர்மத்தால் நாளடைவில் நனையக்கூடும். இதனைக் குறைக்க, எண்ணெயையும் விலக்கும் பூச்சுகள், மலம் நேரடியாக மேலே படாமல் தடுக்கும் உள்மடிப்புகள், முன்வடிகட்டிகள் முதலியவை சில பைகளில் சேர்க்கப்பட்டுள்ளன.

பையின் படலம்

வடிகட்டி எவ்வளவு சிறந்ததாயினும் பையின் சுவர் நாற்றத்தைக் கசிய விட்டால் பயனில்லை. சாதாரண பாலித்தீன் தாளின் ஊடே நாற்ற மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவும். எனவே பை பல அடுக்குப் படலத்தால் செய்யப்படுகிறது. அவற்றுள் ஓரடுக்காவது நாற்றத்தைத் தடுக்கும் நெகிழியாக இருக்கும். பையின் படலம் நாற்றத்தைக் கசிய விடும் அளவைச் சோதிப்பதற்கெனப் பன்னாட்டுச் சீர்தர நிறுவனம் ஐ.எசு.ஓ 8670-3 என்ற தனிச் சீர்தரத்தை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அன்றாடப் பயன்பாட்டில் எழும் சிக்கல்கள்

நனைதலும் அடைபடுதலும்

வடிகட்டி செயலிழப்பதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. நிற்கும்போதும் அமரும்போதும் மலம் பையின் அடியில் தங்குவதால் மேலே உள்ள வடிகட்டி உலர்ந்திருக்கும். படுக்கும்போது நீர்த்த மலம் பை முழுவதும் பரவி வடிகட்டியைத் தொடுகிறது. பகலெல்லாம் நன்றாக இயங்கிய வடிகட்டி இரவில் பயனற்றுப் போவதற்கும், காலையில் பை உப்பியிருப்பதற்கும் இதுவே காரணம். பையை அளவுக்கு மீறி நிரம்ப விடுவதும் இதே விளைவைத் தரும். குளிக்கும்போது வெளிப்புறத்திலிருந்து நீர் புகுந்தும் வடிகட்டி கெடலாம்.

பை உப்புதல்

வாயு வரும் வேகம் வடிகட்டி வெளியேற்றும் வேகத்தை விஞ்சும்போது பை பலூன் போல் உப்புகிறது. வடிகட்டி அடைபட்டிருப்பின் இது உறுதியாக நிகழும். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தாலும், குடல் வாயு சீராக வராமல் திடீர்த் திடீரெனத் திரளாக வருவதால், சிறிது நேரம் பை உப்பியிருந்து பின்னர் மெல்லத் தணிவதுண்டு. பின்னதைக் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. கரியுடன் வாயு தொட்டிருக்க நேரம் தேவைப்படுவதால் ஏற்படும் தவிர்க்க முடியாத தாமதமே அது.

பை ஒட்டிக்கொள்ளுதல்

இது மேற்கண்டதற்கு நேர்மாறானது. வடிகட்டி வாயுவை முழுவதுமாக வெளியேற்றிவிட்டால் பையின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்போது வரும் கெட்டியான மலம் கீழே இறங்காமல் குடல்வாயைச் சுற்றியே தேங்கி, ஒட்டுப்பட்டையின் அடியில் புகுகிறது. இதனால் தோல் எரிச்சலும் கசிவும் உண்டாகின்றன. தேங்கிய மலம் வடிகட்டியையும் அடைக்கலாம். கெட்டியான மலம் வரும் பெருங்குடல்வாய் உடையோரிடம் இது மிகுதி.

ஆக, வடிகட்டி குறைவாகச் செயற்பட்டால் பை உப்புகிறது. மிகையாகச் செயற்பட்டால் பை ஒட்டிக்கொள்கிறது. பையினுள் சிறிதளவு காற்று எப்போதும் இருக்க வேண்டும் என்பதே விரும்பத்தக்க நிலை. ஒருவருக்குப் பொருந்திய வடிகட்டி மற்றொருவருக்குப் பொருந்தாமல் போவதற்கு இது முக்கிய காரணமாகும்.

குடல்வாயின் வகையும் வடிகட்டியின் பயனும்

பெருங்குடலின் இறுதிப் பகுதியில் அமைந்த குடல்வாயிலிருந்து வரும் மலம் பெரும்பாலும் உருவம் பெற்றதாக இருக்கும். இங்கு வடிகட்டி நீண்ட நேரம் உலர்ந்திருக்கும். மூடிய பை ஒன்றை நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று முறை வரை மாற்றுவது வழக்கமாதலால், ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய வடிகட்டி கிடைக்கிறது. வடிகட்டி மிகச் சிறப்பாகப் பயன்படும் நிலை இதுவே. குடலை நீரால் கழுவும் முறையைக் கையாள்வோர் அதன்பின் அணியும் சிறு மூடிகளிலும் வடிகட்டி உண்டு. மலம் மிகக் குறைவாக வருவதால் அங்கும் அது நன்கு இயங்குகிறது.

சிறுகுடல்வாயில் நிலைமை வேறு. நன்கு நிலைபெற்ற சிறுகுடல்வாயிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 500 முதல் 800 மில்லிலீட்டர் வரை நீர்த்த கழிவு வருகிறது. அடிப்புறம் திறந்து மூடத்தக்க பையில் இது சேர்ந்து, பலமுறை வடிக்கப்படுகிறது. பை ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை உடலிலேயே இருக்கக்கூடும். வாயுவை மிகுதியாக உண்டாக்கும் பெருங்குடல் நீங்கியதால் வாயுவின் அளவு பொதுவாகக் குறைவாயினும், வடிகட்டி விரைவில் நனைந்துவிடுகிறது.

வடிகட்டி எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை. உற்பத்தியாளர்கள் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் வரையான காலத்தைக் குறிப்பிடுகின்றனர். மூடிய பைக்கு இக்காலம் போதுமானது. திறந்து வடிக்கும் பையிலோ பையின் ஆயுள் வடிகட்டியின் ஆயுளைவிட நீண்டதாக உள்ளது. இரண்டாம் நாளில் பை உப்புகிறது என்னும் குறைபாட்டின் மூலகாரணம் பெரும்பாலும் இந்த ஆயுள் வேறுபாடே.

ஆய்வகச் சோதனையும் நடைமுறையும்

ஆய்வகத்தில் வடிகட்டியைச் சோதிக்கும்போது, குறித்த அளவு ஐதரசன் சல்பைடு கலந்த வாயு சீரான வேகத்தில் வடிகட்டியூடாகச் செலுத்தப்பட்டு, மறுபுறம் நாற்ற வாயு வெளிப்படத் தொடங்கும் வரையான நேரம் அளக்கப்படுகிறது. இச்சோதனை கரியின் கொள்திறனை நன்கு காட்டும். ஆனால் உடலில் அணியும் பையில் வாயு சீராக வருவதில்லை, ஈரப்பதம் மிகுந்துள்ளது, மலம் வடிகட்டியைத் தொடுகிறது, ஆடையும் இடைவாரும் வடிகட்டியின் வாயை அழுத்துகின்றன. எனவே ஆய்வக எண்ணைக் கொண்டு மட்டும் ஒரு பையின் அன்றாடப் பயனைக் கணிக்க இயலாது.

வாயு உண்மையில் கரியின் ஊடே செல்கிறதா என்பதும் முக்கியம். நாற்றத்தைத் தடுப்பதாக விற்கப்படும் கரி அணிகள் பற்றி 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. அவ்வாய்வில், உடலை முழுமையாகச் சூழ்ந்த கரியிழை உள்ளாடை கந்தக வாயுக்களை ஏறத்தாழ முற்றிலும் நீக்கியது; ஆடையின் உள்ளே வைக்கும் பட்டைகள் 55 முதல் 77 விழுக்காடு வரை நீக்கின; இருக்கையில் இடும் மெத்தைகள் ஏறத்தாழ 20 விழுக்காடே நீக்கின. வாயு பக்கவாட்டில் நழுவிச் செல்ல வழியிருந்தால், எவ்வளவு கரி இருந்தும் பயனில்லை என்பதே இதன் பொருள். குடல்வாய்ப் பைக்கும் இது பொருந்தும். ஒட்டுப்பட்டையின் ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தால், வாயு தடைமிக்க வடிகட்டியை விட்டு அந்த எளிய வழியையே நாடும்.

பயன்படுத்துவோர் கையாளும் முறைகள்

வடிகட்டியின் பயனை நீட்டிக்கப் பின்வரும் முறைகள் பின்பற்றப்படுகின்றன:

- பை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரம்பியதும் வடித்தல் அல்லது மாற்றுதல். உறங்கச் செல்லும் முன் வடித்தல் இரவில் வடிகட்டி நனைவதைக் குறைக்கும்.
- குளிக்கும்போதும் நீந்தும்போதும், பைகளுடன் வழங்கப்படும் சிறு ஒட்டுத்தாளால் வடிகட்டியின் வெளிவாயை மூடுதல். பின்னர் அதனை அகற்ற மறந்தால் பை உப்பும்.
- பை ஒட்டிக்கொள்ளும் சிக்கல் உடையோர் அதே ஒட்டுத்தாளால் வடிகட்டியை முழுமையாகவோ பாதியாகவோ மூடி, பையினுள் சிறிது காற்றை நிறுத்துதல். பையை அணியுமுன் அதனுள் சற்றுக் காற்றை ஊதுவதும், சுவர்கள் ஒட்டாதிருக்கச் சிறு மெல்லிய தாளை உள்ளே இடுவதும் வழக்கில் உள்ளன.
- மலம் வழுக்கி இறங்குவதற்காகப் பையினுள் இடும் வழுக்கு நீர்மத்தை வடிகட்டியில் படாமல் அடிப்பகுதியில் மட்டும் இடுதல். சமையல் எண்ணெய் போன்றவை சவ்வை நனைத்து அடைத்துவிடும்.
- வடிகட்டியுள்ள பையின் உட்புறத்தை நீர் ஊற்றி அலசாதிருத்தல். அலசினால் அடிவாய்ப் பகுதியை மட்டும் தூய்மை செய்தல்.
- உணவை நன்கு மென்று உண்ணுதல், வளியூட்டிய குளிர்பானங்களைக் குறைத்தல். மொச்சை, பருப்பு வகைகள், முட்டைக்கோசு முதலியவை பலருக்கு வாயுவை மிகுவிக்கின்றன. முட்டை, மீன், வெங்காயம், பூண்டு ஆகியவை நாற்றத்தை மிகுவிக்கக்கூடும். ஆயினும் உணவின் விளைவு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் ஒவ்வொன்றாகச் சோதித்தறிவதே முறை.

உணவு மாற்றமோ மருந்தோ தேவைப்படும் நிலையில் மருத்துவரையோ குடல்வாய்ப் பராமரிப்புச் செவிலியரையோ கலந்தறிதல் வேண்டும்.

பிற வழிகள்

வடிகட்டி போதாதவிடத்து வேறு சில அமைப்புகள் உதவுகின்றன. ஒட்டுப்பட்டையும் பையும் தனித்தனியாக உள்ள இரு துண்டுப் பைகளில், வளையத்தின் மேற்பகுதியைச் சிறிது திறந்து வாயுவை வெளியேற்றி மீண்டும் மூடலாம். இது விரைவானது, ஆனால் நாற்றம் வடிகட்டப்படுவதில்லையாதலால் கழிவறை போன்ற தனியிடத்தில்தான் செய்ய முடியும். பையில் ஒட்டத்தக்க, திறந்து மூடும் சிறு வளிவாயில்களும் விற்கப்படுகின்றன. பையினுள் இடும் நாற்றநீக்கிச் சொட்டுகள் பையை வடிக்கும் வேளையில் எழும் நாற்றத்தைக் குறைக்கின்றன. வடிகட்டியால் இப்பணியைச் செய்ய இயலாது. பை திறக்கப்பட்டதும் வாயு கரியின் வழியே செல்வதில்லை என்பதே காரணம்.

வானூர்திப் பயணம்

பயணிகள் வானூர்தியின் உள்ளறை அழுத்தம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் வரையுள்ள உயரத்தின் வளியழுத்தத்திற்கு ஈடாக வைக்கப்படுகிறது. 2,400 மீட்டரில் அழுத்தம் கடல் மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கே. பாயிலின் விதிப்படி, தரையில் 300 மில்லிலீட்டராக இருந்த வாயு அங்கு 400 மில்லிலீட்டர் அளவுக்கு விரியும். வடிகட்டி உலர்ந்திருந்தால் இம்மிகுதி மெல்ல வெளியேறிவிடும். எனவே புறப்படுமுன் புதிய பை அணிவதும், அதனை வெறுமையாக வைத்துக்கொள்வதும் பயனுள்ளவை. பை வெடித்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருப்பினும், இந்த அளவு விரிவு அதற்குக் காரணமாவதில்லை.

விலையும் கிடைக்கும் எண்ணிக்கையும்

வடிகட்டி பையிலிருந்து பிரித்து மாற்ற இயலாதவாறு பெரும்பாலும் ஒட்டப்பட்டுள்ளது. அதனால் வடிகட்டி கெட்டால் பையையே மாற்ற வேண்டும். இங்கு வடிகட்டியின் பயன் பொருளியலுடன் இணைகிறது. இங்கிலாந்தில் நிலையான குடல்வாய் உடையோர்க்கு மருத்துவர் சீட்டின்பேரில் பைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் மெடிக்கேர் காப்புறுதி, வழக்கமான உச்ச அளவாக மாதம் ஒன்றுக்கு 60 மூடிய பைகளையோ 20 திறந்து வடிக்கும் பைகளையோ ஏற்றுக்கொண்டு வந்துள்ளது. முதல் கணக்கில் நாளுக்கு இரண்டு பைகளும், இரண்டாவதில் ஒன்றரை நாளுக்கு ஒரு பையும் வருகின்றன. வடிகட்டி ஒரு நாளே உழைப்பதாயின், இரண்டாவது கணக்கில் ஒவ்வொரு பையின் இறுதி அரை நாளும் வடிகட்டியின்றியே கழிகிறது.

விலையைத் தாமே கொடுத்து வாங்குவோர் ஒரே பையைப் பல நாட்கள் அணியவோ, கழுவி மீண்டும் அணியவோ முற்படுவதுண்டு. அத்தகையோர்க்கு வடிகட்டியுள்ள பைக்குத் தரும் மிகுதி விலையால் முதல் நாளைத் தாண்டிப் பயன் கிட்டுவதில்லை. வடிகட்டியற்ற இரு துண்டுப் பையை வாங்கி, வாயுவைக் கையால் வெளியேற்றுவது இவர்களுக்குச் சிக்கனமான வழியாக அமையலாம்.

நாற்றம் பற்றிய அச்சம்

குடல்வாய் உடையோர் பலரும் முதலில் அஞ்சுவது நாற்றத்தையே. பேருந்தில் அமரவும், திருமணம் போன்ற நிகழ்வுகளுக்குச் செல்லவும், மீண்டும் பணிக்குத் திரும்பவும் இது தடையாகிறது. இவ்வச்சத்தைக் குறைப்பதில் வடிகட்டிக்குப் பங்குண்டு. அதன் எல்லைகளை அறிந்திருப்பதும் அதே அளவு உதவுகிறது.

பையை மாற்றும்போதும் வடிக்கும்போதும் நாற்றம் எழுவது இயல்பு. மற்ற நேரங்களில் நன்கு ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வருதல் கூடாது. அவ்வாறு வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒட்டுப்பட்டையின் அடியில் கசிவு, சரியாகத் துடைக்கப்படாத அடிவாய், செயலிழந்த வடிகட்டி என்பனவே அவை. முதல் இரண்டும் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்யத் தக்கவை. பை உப்பாமலேயே வடிகட்டியின் அருகில் மட்டும் நாற்றம் உணரப்பட்டால் கரி நிறைந்துவிட்டது எனலாம். நாற்றமின்றிப் பை உப்பினால் சவ்வு அடைபட்டுள்ளது எனலாம். இவ்வேறுபாட்டை அறிந்தவர், நாற்றத்திற்கு அஞ்சி வீட்டுக்குள் தங்குவதற்கு மாறாக, எதை எப்போது மாற்றுவது என்பதைத் தாமே முடிவு செய்ய இயலும்.